எந்தக் கைக்கு எந்த வேலை

ஊட்டியிலிருந்து மைசூர் போகும் சாலையில் தலைக்குந்தாப் பக்கம் பிரிந்து போனால் சோலூர். பேரூராட்சி என்று பெயரே தவிர, பார்வைக்கு மலைக்கிராமங்களின் கூட்டம்தான். சரிவெல்லாம் தேயிலை. தேயிலை ஏறாத இடத்தில் கேரட், உருளைக்கிழங்கு. இடையிடையே மிச்சமிருக்கும் சோலைக்காடு, அதை ஒட்டித் தோடர் பழங்குடியினரின் மந்துகள் என்ற குடியிருப்புகள். இந்தப் பக்கத்துத் தோட்டம் எதிலும் காலையில் நடக்கும் முதல் காரியம் ஆள் பிரிப்பது. வந்து நிற்பவர்களை மேஸ்திரி ஒரு பார்வை பார்ப்பார். "அக்கா, நீங்க மேல்காட்டுக்குப் போங்க, கொழுந்து முத்திடும். தம்பி, நீ கவாத்துக்கு வா." சற்று நேரத்தில் கூட்டம் கலைந்துவிடும்.

அந்த ஒரு பார்வையில் அவர் பார்ப்பது நிறைய. யாருக்குக் கை வேகம், யாருக்கு முட்டிவலி, செங்குத்தான காட்டில் யாருக்குக் கால் நிற்கும், செடியை வெட்டிவிடும் கவாத்தில் யார் கத்தி பிடித்தால் கிளை பிளக்காமல் வெட்டுச் சாய்வாக விழும், யாரை யார் பக்கத்து வரிசையில் விடக்கூடாது. இவற்றில் எதுவும் எங்கும் எழுதப்பட்டதில்லை. செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் இருப்பது பெயர், வேலை செய்த நாள், எடுத்த கிலோ. மற்றதெல்லாம் மேஸ்திரியின் நினைவில் இருக்கிறது. அவர் ஓய்வு பெற்றால் அதுவும் கூடவே போய்விடும். இப்போது நீலகிரித் தோட்டங்களுக்கு ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். வந்தவர் அசாமில் பத்து வருஷம் கொழுந்து எடுத்தவரா, தேயிலைச் செடியையே முதன்முதலாகப் பார்ப்பவரா என்பது மேஸ்திரிக்கு எப்படித் தெரியும்?

ஐம்பது பேர் உள்ள இடத்திலேயே இப்படியென்றால், டி.சி.எஸ். போல 5 லட்சத்துக்கு மேல் ஊழியர்கள் உள்ள நிறுவனத்தில் யாருக்கு என்ன தெரியும் என்று எந்த மனிதராலும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது. ஒரு திட்டம் முடிந்து அடுத்தது கிடைக்கும்வரை ஐ.டி. ஊழியர்கள் 'பெஞ்சில்' காத்திருப்பார்கள். அதே நேரத்தில் வேறொரு நகரத்தில் அதே நிறுவனத்தின் இன்னொரு குழு, சரியாக அவர்களுக்குத் தெரிந்த வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று வெளியே விளம்பரம் கொடுத்துக்கொண்டிருக்கும். இந்த இரண்டு முனைகளையும் சேர்ப்பதற்காகத்தான் திறன் மேலாண்மை மென்பொருள்கள் வந்தன. மேஸ்திரியின் பார்வையைக் கணினிக்குச் சொல்லிக்கொடுக்கும் முயற்சி இது. அதில் ஒரு பாதி கணக்கு, இன்னொரு பாதி பதிவு. கணக்கை மனிதகுலம் அழகாகத் தீர்த்துவிட்டது. பதிவு அப்படியில்லை.

முதலில் கணக்கு. மூன்று பேர், மூன்று வேலை: கவாத்து, கொழுந்து, மருந்தடிப்பு. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வேலையிலும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டுக்கொள்வோம். முதலாமவருக்குக் கவாத்தில் 9, கொழுந்தில் 8, மருந்தடிப்பில் 5. இரண்டாமவருக்கு அதே வரிசையில் 8, 4, 3. மூன்றாமவருக்கு 6, 5, 5. கவாத்தில் முதலாமவர்தான் கெட்டிக்காரர் என்று அவரை அங்கே அனுப்பினால், மிச்சமிருக்கும் இருவரையும் எப்படிப் பிரித்தாலும் மொத்தம் 18-ஐத் தாண்டாது. அவரைக் கொழுந்துக்கு அனுப்பி, இரண்டாமவரைக் கவாத்துக்கும் மூன்றாமவரை மருந்தடிக்கவும் விட்டால் 21 கிடைக்கிறது. ஒரு வேலையில் மிகச் சிறந்தவரை அந்த வேலைக்கே அனுப்புவது மொத்தத்தில் நஷ்டமாக முடியலாம் என்பது முதல் பாடம்.

மூன்று பேருக்கு ஆறே வழிகள்தான். எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிடலாம். பத்துப் பேர், பத்து வேலை என்றால் 36,28,800 வழிகள். இருபது என்றால் சுமார் 24,000 கோடி கோடி. விநாடிக்கு 100 கோடி வழிகளைச் சரிபார்க்கும் கணினிக்குக் கொடுத்தாலும் 77 ஆண்டுகள் ஆகும். அதற்குள் கொழுந்து முத்திவிடும் என்பது இருக்கட்டும், தோட்டத்தில் ஒரு தலைமுறையே மாறியிருக்கும்.

இதற்கு 1955-ல் வழி சொன்னவர் ஹெரால்டு கூன் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர். ஹங்கேரியைச் சேர்ந்த டேனஷ் கோனிக், யெனோ எகர்வாரி இருவரின் வேலையில்தான் அவருக்கு விதை கிடைத்தது. எகர்வாரியின் 1931-ஆம் ஆண்டுக் கட்டுரை ஹங்கேரிய மொழியில் இருந்ததால், கூன் இலக்கணப் புத்தகத்தையும் அகராதியையும் வைத்துக்கொண்டு தானே அதை மொழிபெயர்த்தார். தன் முறைக்கு 'ஹங்கேரிய முறை' என்று பெயர் வைத்து நன்றி செலுத்தினார். ஜெர்மானிய மேதை யகோபி ஏறக்குறைய இதே வழியை முன்பே கண்டுபிடித்திருந்ததும், அவர் இறந்தபின் அது லத்தீனில் அச்சாகி யார் கண்ணிலும் படாமல் கிடந்ததும் 21-ஆம் நூற்றாண்டில்தான் தெரியவந்தன.

முறையின் சூட்சுமம் எளிது. யாருக்கு எத்தனை மதிப்பெண் என்பதைப் பார்க்காமல், அவருக்கு மிக நன்றாக வருவதை விட்டு வேறு வேலை கொடுத்தால் எத்தனை இழக்கிறோம் என்று பார்க்க வேண்டும். நம் முதலாமவருக்கு இழப்பு 0, 1, 4. இரண்டாமவருக்கு 0, 4, 5. மூன்றாமவருக்கு 0, 1, 1. மூவரின் சுழியும் கவாத்தில் வந்து மோதுகிறது. இனி வேலைப் பக்கமிருந்து பார்ப்போம். கொழுந்துக்கு யார் போனாலும் குறைந்தது 1 இழப்பு நிச்சயம், மருந்தடிப்பிலும் அப்படியே. தவிர்க்க முடியாத அந்த ஒன்றை இரண்டு வேலைகளிலும் கழித்துவிட்டால் முதலாமவருக்கு 0, 0, 3. இரண்டாமவருக்கு 0, 3, 4. மூன்றாமவருக்கு 0, 0, 0. இப்போது இரண்டாமவருக்குக் கவாத்தில் மட்டும்தான் சுழி, அது அவருக்கு. மருந்தடிப்பில் மூன்றாமவருக்கு மட்டும்தான் சுழி, அது அவருக்கு. கொழுந்து முதலாமவருக்கு. விடை தானாக வந்து நிற்கிறது. பெரிய அட்டவணைகளில் இன்னும் சில சுற்றுகள் போக வேண்டியிருக்கும். ஆனாலும் இருபது பேருக்குச் சில ஆயிரம் படிகளில் வேலை முடிந்துவிடும். 77 ஆண்டுகள் கண்ணிமைக்கும் நேரமாகச் சுருங்கியதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஆனால் அந்த 9-உம் 8-உம் 5-உம் எங்கிருந்து வந்தன? நான் போட்டுக்கொண்டவை. நிறுவனத்தில் அவற்றை யார் போடுவது, எதைப் பார்த்துப் போடுவது? முழுச் சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. கணினிக்கு முன்பே இந்தச் சிக்கல் இருந்தது. 1917-ல் அமெரிக்கா முதல் உலகப்போரில் இறங்கியபோது, படையில் சேர்ந்த லட்சக்கணக்கானவர்களில் யார் தச்சர், யார் தந்தி இயக்குபவர், யாருக்கு லாரி ஓட்டத் தெரியும் என்று கண்டறிய உளவியலாளர் வால்ட்டர் டில் ஸ்காட் தலைமையில் ஒரு குழு அமைந்தது. ஒவ்வொரு சிப்பாயிடமும் விசாரித்து ஆளுக்கொரு அட்டை எழுதினார்கள். தச்சர் என்று சொன்னவரை நம்பிவிடாமல் கையில் கருவியைக் கொடுத்துச் சோதித்தும் பார்த்தார்கள். இன்றைய மென்பொருளுக்கு அந்த அட்டைப்பெட்டிதான் பாட்டன்.

இந்தியாவிலும் இது போரிலிருந்துதான் தொடங்கியது. இரண்டாம் உலகப்போர் முடிந்து ஊர் திரும்பும் சிப்பாய்களுக்கு வேலை தேடிக்கொடுக்க 1945 ஜூலையில் ஒரு இயக்குநரகம் வந்தது. அதன் கீழ் பிறந்தவைதான் வேலைவாய்ப்பு அலுவலகங்கள். நம் வீடுகளில் பத்தாம் வகுப்பு முடித்ததும் பதிந்து, மறக்காமல் புதுப்பித்து, சான்றிதழ்களோடு பத்திரமாக வைத்திருந்த அட்டை அங்கிருந்து வந்தது. பதிபவருக்குத் தொழிற்குறியீடு கொடுப்பதற்காகவே 1958-ல் தேசியத் தொழில் வகைப்பாடு வெளியானது. 2015-ஆம் ஆண்டுப் பதிப்பில் சுமார் 3,600 தொழில்கள், ஒவ்வொன்றுக்கும் எட்டு இலக்க எண். ஆனால் அட்டை வைத்திருந்த எல்லோருக்கும் தெரிந்த உண்மை ஒன்று உண்டு. கடிதம் வந்ததற்கும் வராததற்கும் பெரிதும் காரணமாக இருந்தது கல்வித் தகுதியும் பதிவு மூப்பும்தான். யாருக்கு என்ன தெரியும் என்று கேட்க ஏற்பட்ட ஏற்பாடு, யார் முதலில் வந்தார் என்று கேட்பதில் போய் நின்றது. வரிசை எண்ணைச் சரிபார்ப்பது எளிது, அதில் யாரும் குறை சொல்லவும் முடியாது. திறனைச் சரிபார்ப்பது அப்படிப்பட்ட காரியம் இல்லையே.

பதிவு ஒன்று தப்பாகப் போனால் மனிதர்களுக்கு என்ன நேரும் என்பதற்கு நீலகிரியைவிடப் பெரிய சான்று தமிழ்நாட்டில் இல்லை. 1964 அக்டோபர் 30-ல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கை மலையகத் தமிழர் 5,25,000 பேரை இந்தியா ஏற்க ஒப்புக்கொண்டது. 1974-ல் இன்னும் 75,000 பேருக்கு ஒப்புதல் ஆனது. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாமுக்கு வந்தவர்கள் பல தலைமுறைகளாகத் தேயிலையையும் ரப்பரையும் மட்டுமே அறிந்தவர்கள். குடும்பத்துக்கு ஓர் அட்டை, அட்டைக்கு ஒரு மறுவாழ்வுத் திட்டம். தோட்டத் தொழிலுக்கென்றே தமிழக அரசு 1968-ல் நீலகிரியில் தேயிலை பயிரிடத் தொடங்கியது. அதுவே பின்னால் குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட டான்டீ என்ற அரசு நிறுவனம் ஆனது. கை அறிந்த வேலை கைக்கே கிடைத்த நல்ல பொருத்தம் அது. ஆனால் அதில் இடம் கிடைத்தவர்கள் வந்தவர்களில் ஒரு பகுதியினர்தான். பெரும்பாலான குடும்பங்களின் அட்டையில் எழுதப்பட்டது வியாபாரக் கடன். கொழுந்தும் கவாத்தும் அறிந்தவரை, ஆளும் தெரியாத, சந்தையும் தெரியாத ஒரு சமவெளி ஊரில் கடை வைக்கச் சொன்னது அந்த வரி. கடன் கரைந்ததும் எத்தனையோ குடும்பங்கள் தாங்களாகவே நீலகிரிக்கு ஏறிவந்தன. கோத்தகிரி, கூடலூர், ஊட்டிச் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் காய்கறிக் காடுகளிலும் வேலை தேடிக்கொண்டன. அரசு செய்த பொருத்தத்தை மக்கள் கால்நடையாகத் திருத்தினார்கள். அட்டையில் 'என்ன தெரியும்' என்று உருப்படியாக ஒரு கட்டம் இருந்து, அதைப் பார்த்துத் திட்டம் ஒதுக்கியிருந்தால் எத்தனை குடும்பங்களின் எத்தனை வருடங்கள் மிஞ்சியிருக்கும்!

இன்றைய மென்பொருள் இதை எப்படிச் செய்கிறது? முதலில் ஒரு திறன் அகராதி வேண்டும். அமெரிக்காவில் ஓ-நெட், ஐரோப்பிய ஒன்றியத்தில் எஸ்கோ என்று பொது அகராதிகள் இருக்கின்றன. எஸ்கோவில் 13,000-க்கு மேற்பட்ட திறன்கள் ஒவ்வொன்றாகப் பெயரிடப்பட்டு, எந்தத் தொழிலுக்கு எது தேவை என்று இணைக்கப்பட்டிருக்கின்றன. பெரிய நிறுவனங்கள் தங்களுக்கென்று சொந்த அகராதியும் வைத்திருக்கும். ஊழியர் தனக்குத் தெரிந்ததைத் தானே குறிப்பார். மேலாளர் அதை ஒப்புக்கொள்வார் அல்லது குறைப்பார். எழுதிய தேர்வு, முடித்த பயிற்சி, செய்த திட்டம் எல்லாம் அதோடு சேரும்.

ஆனால் ஒருவர் 'ஸ்பிரிங் பூட்' என்று எழுதியிருப்பார், தேவைப் பட்டியலில் 'ஜாவா' என்று இருக்கும். சொல்லுக்குச் சொல் பொருத்திப் பார்த்தால் இரண்டும் சேராது. தெரிந்தவருக்கோ இரண்டும் ஒரே குடும்பம். கணினிக்கு இதைக் கற்றுத்தரும் வழி 2013 வாக்கில் கூடிவந்தது. கூகுளில் இருந்த தோமாஷ் மிகோலோவும் தோழர்களும் வெளியிட்ட முறைப்படி, ஒவ்வொரு சொல்லையும் சில நூறு எண்களின் வரிசையாக மாற்றலாம். அந்த எண்களை மனிதர் யாரும் போடுவதில்லை. கோடிக்கணக்கான வாக்கியங்களைப் படித்து, எந்தச் சொல் எந்தச் சொற்களின் அருகில் வருகிறது என்பதிலிருந்து கணினியே தேற்றிக்கொள்கிறது. ஒரே மாதிரியான சுற்றத்தில் வரும் சொற்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து அமையும். எண்வரிசை ஒவ்வொன்றையும் ஒரு திசையைக் காட்டும் அம்பாக எண்ணிக்கொண்டால், இரண்டு அம்புகளுக்கு இடையிலான கோணம் எவ்வளவு சிறியதோ அவ்வளவு நெருங்கிய திறன்கள். இதனால் பொருத்தம் பார்ப்பதோடு இன்னொன்றும் முடிகிறது. ஒருவருக்கு இன்று தெரியாததும், தெரிந்ததற்கு மிக அருகில் இருப்பதும், ஆகவே சீக்கிரம் கற்றுக்கொள்ளக்கூடியதும் எது என்று சொல்ல முடிகிறது.

இந்த 'அருகில் இருக்கும் திறன்' என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குச் சோலூர் போகும் வழியிலேயே ஒரு சாட்சி நிற்கிறது. ஊட்டியை விட்டதும் வரும் இந்து நகரில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை. 1960-ல் நிறுவப்பட்டு, பிரான்ஸின் பொஷே நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு 1967-ல் உற்பத்தி தொடங்கிய பொதுத்துறை நிறுவனம். தூசு குறைந்த குளிர்ந்த காற்றுக்காகத்தான் மலைமேல் கட்டினார்கள். படச்சுருள் செய்வது லேசுப்பட்ட வேலை இல்லை. வெள்ளி உப்புப் படிகங்கள் கலந்த ஜெலட்டின் குழம்பை, ஓடிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் தாளின்மேல் தலைமுடியைவிட மெல்லிய அடுக்குகளாக, ஒரு கோடுகூட விழாமல் பூச வேண்டும். ஒளிபட்டால் கெட்டுவிடும் என்பதால் பூசுவதும் வெட்டுவதும் சுற்றுவதும் முழு இருட்டில். அந்த இருட்டில் விரலையும் காதையும் நம்பி இயந்திரம் ஓட்டிய ஒரு தலைமுறை ஊட்டியில் வாழ்ந்தது. நிறுவனம் 1996-ல் நலிவுற்றதாக அறிவிக்கப்பட்டது. எண்மக் கேமராக்கள் வந்து சந்தையையே விழுங்கின. 2014-ல் மிஞ்சியவர்களுக்கான விருப்ப ஓய்வுத் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் தந்தது.

அதே புயலில் ஜப்பானின் ஃபியூஜிஃபிலிம் நிறுவனமும் சிக்கியது. 2000-ல் அதன் தலைவரான ஷிகெடகா கொமோரி, 'நாம் என்ன விற்கிறோம்' என்பதை விட்டுவிட்டு 'நமக்கு என்ன தெரியும்' என்று பட்டியல் போடச் சொன்னார். மெல்லிய அடுக்குப் பூசத் தெரியும்: அது எல்.சி.டி. திரைகளுக்கான காப்புப் படலமாயிற்று. படம் வெளிறாமல் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கத் தெரியும். ஜெலட்டினுக்கு மூலமான கொலாஜனைப் பற்றித் தெரியும்: அவை 2007-ல் சருமப் பராமரிப்புப் பொருளாக வந்தன. கோடாக் நிறுவனம் 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கேட்டபோது ஃபியூஜிஃபிலிம் நிமிர்ந்து நின்றது. அவர்களிடம் இருந்த பணமும் ஆய்வகங்களும் ஊட்டியில் இல்லை, எனவே இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமில்லை. ஆனாலும் இருட்டில் மைக்ரான் கணக்கில் பூசத் தெரிந்த கைகளை, வயதும் பணிக்காலமும் மட்டும் கேட்கும் ஓய்வுப் படிவம் வழியாக வீட்டுக்கு அனுப்பியதை என்னால் சமாதானமாக ஏற்க முடியவில்லை.

இதோடு இன்னொரு குறையும் சேர்கிறது. மேலே சொன்ன அம்புகள் எல்லாம் எழுத்திலிருந்து பிறப்பவை. எழுதப்படாத தொழிலுக்கு அம்பு கிடையாது. மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் வேலையைப் பற்றி ஓயாமல் எழுதுகிறார்கள், அதனால் அவர்களின் நூறு திறன்களுக்கு நூறு பெயர். கொழுந்து எடுப்பவர் எழுதுவதில்லை. எழுதுபவர்கள் அவர் வேலையை 'இலை பறித்தல்' என்ற இரண்டே சொல்லில் முடித்துவிடுகிறார்கள்.

அந்த இரண்டு சொல்லுக்குள் இருப்பதைக் கொஞ்சம் பார்ப்போம். மொட்டும் அதன்கீழ் இரண்டு இலையும்தான் எடுக்க வேண்டும். மொட்டு உறங்கிப்போய் வளர்ச்சி நின்ற பாஞ்சியையும் அடையாளம் கண்டு ஒடித்தெறிய வேண்டும். விட்டால் அடுத்த சுற்றில் அங்கே கொழுந்து தாமதமாகும். நகத்தால் கிள்ளக்கூடாது, விரலால் ஒடிக்க வேண்டும். ஒடித்ததைக் கைக்குள் திணித்து வைத்திருக்கவும் கூடாது. இலையின் செல்கள் நசுங்கினால் பாலிபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி வெளிப்பட்டு, தொழிற்சாலையில் நடக்க வேண்டிய ஆக்சிஜனேற்றத்தைக் கையிலேயே தொடங்கிவிடும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்த காலையில் எந்தக் காட்டை முதலில் தொடலாம், கருகியது எது, தப்பியது எது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிய வேண்டும். எல்லாவற்றையும் இரண்டு கையாலும், சரிவில் நின்றபடி, அருகில் இருப்பவரோடு பேசிக்கொண்டே செய்ய வேண்டும்.

இப்போது பல தோட்டங்களில் மின்னணுத் தராசு வந்துவிட்டது. அட்டையைக் காட்டி மூட்டையை வைத்தால் எடை நேராகக் கணினிக்குப் போகும். எழுதுபவர் குறைத்துப் போட்டுவிட்டார் என்ற பழைய சச்சரவுக்கு அது முடிவுகட்டும், நல்லதுதான். ஆனால் மேலே சொன்ன இத்தனை அறிவிலிருந்தும் கணினிக்குப் போவது கிலோ என்ற ஒரே எண். கிலோவை மட்டும் பார்க்கும் கணினி, மூன்றாம் இலையையும் நான்காம் இலையையும் சேர்த்து அள்ளுபவருக்கு 9 போடும். கொழுந்தாகப் பார்த்து எடுப்பவருக்கு 6 போடும். பிறகு ஹங்கேரிய முறை குற்றமே சொல்ல முடியாத துல்லியத்தோடு தப்பான ஆளைத் தேர்ந்தெடுக்கும்.

கைத்திறனை எண்ணாக்கவே முடியாது என்று சொல்லவில்லை. தேயிலைத்தூள் நொதித்து முடிந்ததா என்பதைத் தொழிற்சாலையில் டீ மேக்கர் மூக்கால் முடிவுசெய்வார். அந்த வாசனைகளை உணரிகளால் பிடித்து எண்ணாக்கும் மின்னணு மூக்கைக் கொல்கத்தாவின் சி-டாக் நிறுவனமும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கின. அனுபவம் மிக்க தேயிலைச் சுவைஞர்களின் மதிப்பீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அந்தக் கருவியைப் பழக்கினார்கள். தெரிந்தவரிடம் போய் உட்கார்ந்து கற்றால் இயந்திரமும் கற்கும்.

யாரிடமிருந்து கற்கிறது என்பதில் ஆபத்தும் உண்டு. அமேசான் நிறுவனம் 2014 முதல் உருவாக்கிவந்த ஆள் தேர்வு மென்பொருள் ஒன்று, பழைய விண்ணப்பங்களைப் படித்து, அவற்றில் பெரும்பாலும் ஆண்கள் இருந்ததால், பெண்களைக் குறிக்கும் சொல் வந்த விண்ணப்பங்களைக் கீழே தள்ளக் கற்றுக்கொண்டது. நிறுவனம் அதைக் கைவிட்ட செய்தியை 2018-ல் ராய்ட்டர்ஸ் வெளியிட்டது.

நம் மூன்று பேரிடம் திரும்பி வருவோம். கவாத்தில் 9 வாங்கிய முதலாமவரைக் கொழுந்துக்கு அனுப்பினோம். நாளைக்கும் அதே கணக்கு, அதே விடை. ஒரு பருவம் போனால் பதிவில் அவர் கொழுந்து எடுப்பவர் என்று நிலைத்துவிடுவார். கத்தி பிடிக்காத கைக்கு அடுத்த ஆண்டு கவாத்தில் 7 விழும். பொருத்தும் மென்பொருள் திறனை அளப்பதோடு நிற்பதில்லை. நாளடைவில் யாருக்கு எது தெரியும் என்பதைத் தானே உருவாக்கவும் செய்கிறது. பெஞ்சிலிருந்து பழைய மென்பொருள் ஒன்றின் பராமரிப்புக்கு அனுப்பப்பட்டு, அதிலிருந்து வெளியே வரமுடியாமல் போன எத்தனையோ பொறியாளர்களுக்கு இது நடந்திருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள்: 21 என்பது தோட்டத்தின் மொத்தம். முதலாமவருக்கு எது விருப்பம் என்று நாம் கேட்கவே இல்லை.

கேட்கும் கணக்கும் இருக்கிறது. 1962-ல் டேவிட் கேல், லாயிட் ஷேப்லி இருவரும் இரண்டு பக்கத்தின் விருப்பத்தையும் எடுத்துக்கொள்ளும் முறையைத் தந்தார்கள். ஒரு பக்கத்தார் தங்கள் விருப்ப வரிசைப்படி கேட்டுக்கொண்டே போக வேண்டும். மறுபக்கத்தார் வந்ததில் நல்லதைத் தற்காலிகமாக வைத்துக்கொண்டு, அதைவிட நல்லது வந்தால் மாற்றிக்கொள்ளலாம். எல்லாம் அடங்கியபின், தங்களுக்குக் கிடைத்ததை விட்டுவிட்டு ஒருவரோடொருவர் சேர விரும்பும் இருவர் எங்கும் இருக்க மாட்டார்கள். ஷேப்லிக்கும், இதை நடைமுறைக்குக் கொண்டுவந்த ஆல்வின் ராத்துக்கும் 2012-ல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. இதில் ஒரு நுட்பம் உண்டு: கேட்கும் பக்கத்துக்கே எப்போதும் சாதகம். ஊழியர் வேலையைக் கேட்கும் அமைப்பும், வேலை ஊழியரைக் கேட்கும் அமைப்பும் ஒரே தரவிலிருந்து வெவ்வேறு விடை தரலாம். நிறுவனம் மென்பொருள் வாங்கும்போது யாரும் விவாதிக்காத இந்த ஒரு தேர்வு, ஊழியர்களின் வாழ்க்கையையே திருப்பிவிடும்.

யாருடைய விருப்பத்தையும் கேட்காத ஒரு பழைய பொருத்தமுறை நீலகிரியிலேயே இருந்தது. சோலூர்ப் பக்கத்துக் கோக்கால், கோத்தர் பழங்குடியினரின் ஏழு ஊர்களில் ஒன்று. கொல்லு, தச்சு, இசை ஆண்களிடம், மண்பாண்டம் பெண்களிடம். மலையில் பயிர்செய்த படகர் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் பரம்பரையாக ஒரு கோத்தர் குடும்பம் இருந்தது. இரும்புக் கருவியும் இழவு வீட்டு இசையும் கோத்தரிடமிருந்து போகும், தானியம் படகரிடமிருந்து வரும். தோடர்களோடும் குறும்பர்களோடும் அவரவர்க்குரிய கொடுக்கல் வாங்கல். 1937-லிருந்து கோத்தர்களிடையே ஆய்வு செய்த டேவிட் மண்டல்பாம் போன்றோர் இதை விரிவாகப் பதிந்திருக்கிறார்கள். கடைத்தெருச் சாமான்கள் வந்ததும், படகர்கள் கோத்தர் இசையை விட்டதும் அந்த ஏற்பாட்டை முறித்தன. தேடலே தேவைப்படாத, நூற்றாண்டுகள் நிலைத்த பொருத்தம் அது. ஆனால் பிறப்பு முடிவுசெய்த பொருத்தம். யாரும் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை, கோத்தர்களைக் கீழாக நடத்துவதும் அதற்குள் இருந்தது. அதை நினைத்து ஏங்க எனக்கு மனம் வரவில்லை. தாத்தா செய்ததைப் பேரனுக்கு ஒதுக்கிய அந்த ஏற்பாட்டுக்கும், நேற்றுச் செய்ததை மட்டும் வைத்து நாளைக்கு ஒதுக்கும் மென்பொருளுக்கும் உள்ள உறவைத்தான் சொல்ல வருகிறேன்.

பதிவு யாருடையது என்பது மிச்சம். 2014 முதல் வருங்கால வைப்புநிதிக்கு நாடு முழுவதும் ஒரே எண். தொழிலாளி எந்த நிறுவனத்துக்கு மாறினாலும் கணக்கு கூடவே வருகிறது. அவருக்கு என்ன தெரியும் என்ற பதிவோ பழைய நிறுவனத்தின் கணினியிலேயே தங்கிவிடுகிறது. தோட்டம் கைமாறினால் அதுவும் போச்சு. வைப்புநிதி இல்லாத அமைப்புசாராத் தொழிலாளர்களுக்காக 2021 ஆகஸ்ட் 26-ல் மத்திய அரசு தொடங்கிய இ-ஷ்ரம் தளத்தில் இதுவரை 30 கோடிக்கு மேற்பட்டோர் பதிந்திருக்கிறார்கள். சிறு தேயிலை விவசாயிகளிடமும் கேரட் காடுகளிலும் தினக்கூலிக்குப் போகும் சோலூர்க்காரர்களுக்கும் அது உண்டு. அந்தப் படிவம் முதன்மைத் தொழிலைக் கேட்டபின் இரண்டாம் தொழிலையும் கேட்கிறது. பதிந்துகொடுப்பவர் அவசரத்தில் முதல் கட்டத்தில் 'விவசாயக் கூலி' என்று போட்டு இரண்டாவதைத் தாண்டிவிடுவது எளிது. பக்கத்து இ-சேவை மையத்தில் அந்தக் கட்டம் வந்ததும் நிறுத்தி, கவாத்தோ நாற்றங்காலோ தையலோ மோட்டார் பழுதோ, தெரிந்ததைச் சொல்லி எழுதவைக்க ஒரு நிமிடம் ஆகலாம். அந்த வரி உள்ளே போனபிறகுதான் கூனும் கேலும் ஷேப்லியும் கண்டுபிடித்ததெல்லாம் அவருக்காக வேலைசெய்யத் தொடங்கும்.